மசக்கைதானே என்று விட்டுவிடலாமா?

(மும்பை தாராவியில், தமிழ்க் கற்றல் மையத்துப் பெண்கள் கூட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று பாடப் புத்தகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். கரும்பலகையில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். ம - ச - க் - கை. மசக்கை.

வாசித்ததும் சிலர் சிரிக்கிறீர்கள். ஆச்சிமார்கள் பழைய நினைப்பில் தலையாட்டுகிறீர்கள். முழுகாமல் இருக்கும் இரண்டு மூன்று பேர் இப்போதே முந்தானையால் வாயைப் பொத்துகிறீர்கள். இது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். ஆனாலும் இதைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசியது கிடையாது.

நான் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். சுகாதார மையத்தில் கேட்டதையும், புத்தகத்தில் படித்ததையும், உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சொல்லப்போவது இரண்டே செய்திகள். ஒன்று, மசக்கைக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இரண்டு, வீட்டு வைத்தியத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை வந்ததும் அடுப்படியை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். எல்லை எது என்று தெரிந்துகொண்டால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம். சில நேரம் இரண்டு உயிரை.

மசக்கை ஏன் வருகிறது?

கர்ப்பமான 10 பெண்களில் 7 அல்லது 8 பேருக்குக் குமட்டல் வருகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாந்தியும் வருகிறது. ஆக, இது அபூர்வமான நோய் இல்லை. பெண்ணின் பாசாங்கும் இல்லை. வேலை செய்யச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். அது தவறு.

கரு வளரத் தொடங்கியதும் அம்மாவின் ரத்தத்தில் சில புதுச் சுரப்புகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் ஜி.டி.எஃப்.15. கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் அது வருகிறது. அது மூளையில் குமட்டலை உண்டாக்கும் இடத்தைத் தூண்டுகிறது. இதை விளக்கும் பெரிய ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. கர்ப்பத்துக்கு முன்பே உடம்பில் இந்தச் சுரப்பு ஓரளவு இருந்தால், பெண்ணுக்கு அது பழகிப்போயிருக்கும். குறைவாக இருந்தவருக்குத் திடீரென்று கூடும்போது தொல்லை அதிகம். அதனால்தான் அக்காவுக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கும், தங்கச்சிக்குத் தண்ணீர்கூட இறங்காது. இருவரையும் ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

மசக்கை அதிகமாக இருந்தால் பெண் குழந்தை, குறைவாக இருந்தால் ஆண் குழந்தை என்று சொல்வார்கள். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. என்ன குழந்தை என்று கண்டுபிடித்துச் சொல்வதும் நம் நாட்டில் குற்றம். 1994-ல் அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

மசக்கையே வராத பெண்களும் உண்டு. அவர்களுக்கும் நல்லபடியாகக் குழந்தை பிறக்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

எத்தனை நாள் இருக்கும்?

கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து கணக்குப் போடுங்கள். 6-வது வாரத்தில் பெரும்பாலும் தொடங்கும். 9-வது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும். 12 முதல் 16 வாரத்துக்குள் பலருக்கு அடங்கிவிடும். மிச்சப் பேரில் பெரும்பாலோருக்கு 20 வாரத்துக்குள் நின்றுவிடும். சிலருக்கு மட்டும் பிரசவம் வரை இருக்கும்.

காலையில் எழுந்ததும் அதிகமாக இருக்கும் என்பார்கள். ஆனால் மத்தியானமும் வரும், ராத்திரியும் வரும். நாள் முழுக்க இருப்பவர்களும் உண்டு.

மூன்று மாதம் நன்றாக இருந்துவிட்டு அதற்குப் பிறகு புதிதாக வாந்தி தொடங்கினால், அதை மசக்கை என்று நினைக்காதீர்கள். மஞ்சள் காமாலையாக இருக்கலாம். சிறுநீர்ப் பாதையில் கிருமி இருக்கலாம். கடைசி மாதங்களில் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால் ரத்தக் கொதிப்பாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

முதல் விதி: வயிறு காலியாக இருக்கக் கூடாது. வாந்தி வருகிறதே என்று பட்டினி கிடந்தால் குமட்டல் இன்னும் கூடும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எதையாவது வாயில் போடுங்கள்.

இரண்டாவது விதி: எழுந்திருக்கும் முன் ஒரு வாய். ராத்திரி படுக்கும்போதே தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரி, பொட்டுக்கடலை, ரஸ்க், காய்ந்த பாவ் துண்டு, ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் படுத்தபடியே கொஞ்சம் மென்று தின்னுங்கள். கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள். தண்ணீர் வரும் நேரம் குழாயடிக்கு ஓட வேண்டும் என்று சொல்வீர்கள். அந்தக் குடத்தை வேறு யாராவது தூக்கட்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது விதி: சாப்பாட்டோடு சேர்த்து நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டாம். வயிறு சட்டென்று நிறைந்து எதிர்த்துக்கொண்டு வரும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மடக்கு மடக்காகக் குடியுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மடக்கு என்றாலும் நாள் முடிவில் நிறையச் சேர்ந்துவிடும்.

எது இறங்கும்? இட்லி, ஆறிய கஞ்சி, மோர்ச்சோறு, அவல், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, பருப்புத் தண்ணீர். சுடச்சுட இருப்பதைவிட ஆறிய சாப்பாட்டில் வாடை குறைவு. அதனால் பலருக்கு அது இறங்குகிறது. எண்ணெயில் பொரித்தது, காரம், மசாலா தூக்கலாக உள்ளது ஆகியவை குமட்டலைக் கூட்டும். வெறும் வயிற்றில் டீ குடிப்பதும் அப்படித்தான்.

இது சத்தா, அது சத்தா என்று இந்த நேரத்தில் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். எது வயிற்றில் தங்குகிறதோ அதுவே இப்போதைக்கு நல்ல சாப்பாடு. மூன்று மாதம் கழிந்து பசி திரும்பியதும் கீரை, முட்டை, பருப்பு, மீன் எல்லாம் சேர்த்துச் சாப்பிடலாம்.

சாப்பிட்டதும் படுக்காதீர்கள். அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருங்கள். காலையில் பல் தேய்க்கும்போது நாக்கை அழுத்தி வழிக்காதீர்கள். அதனாலேயே பலருக்கு வாந்தி வருகிறது. வாந்தி எடுத்ததும் உடனே பல் தேய்க்க வேண்டாம். வயிற்றிலிருந்து வரும் புளிப்பு பல்லை அரிக்கும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

இஞ்சி, எலுமிச்சை, கோகம்

நம் பாட்டிமார்கள் இஞ்சியைச் சும்மா சொல்லவில்லை. குமட்டலை இஞ்சி ஓரளவு குறைக்கிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. விரல் நுனி அளவு இஞ்சியை நசுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சுக்குப் பொடியாக இருந்தால் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து அரை டீஸ்பூன் போதும். அதிகம் சேர்த்தால் நெஞ்செரிச்சல் வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இஞ்சி வைத்தியம் செய்ய வேண்டாம்.

எலுமிச்சையைக் கீறி மோந்து பார்த்தாலே சிலருக்குக் குமட்டல் அடங்கும். எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் குடிக்கலாம். இந்த ஊரில் கிடைக்கும் கோகம் சர்பத்தும் புளிப்பாக, வாய்க்கு இதமாக இருக்கும். ஆனால் வெளியே ஐஸ் போட்டு விற்பதை வாங்காதீர்கள். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது. கோகத்தை வாங்கி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் வீட்டிலேயே போடுங்கள். சீரகத் தண்ணீர், புதினாத் துவையல், நெல்லிக்காய்த் துண்டு ஆகியவற்றில் எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பிடிப்பது இன்னொருவருக்குப் பிடிக்காது.

இன்னொன்று, காசில்லாத வைத்தியம். உள்ளங்கையைப் பார்த்தபடி கையை நீட்டுங்கள். மணிக்கட்டில் கோடு இருக்கிறதல்லவா? அதற்குக் கீழே முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அளவு தள்ளி, இரண்டு நரம்புகளுக்கு நடுவில் கட்டை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். சிலருக்கு இது கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. கெடுதல் ஒன்றும் இல்லை. செய்து பாருங்கள்.

வாடைதான் முதல் எதிரி

மசக்கையில் மூக்கு கூர்மையாகிவிடும். மற்றவர்களுக்குத் தெரியாத வாடையும் கர்ப்பிணிக்குக் குடலைப் புரட்டும். நம் வீடு எப்படி இருக்கிறது? ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. முறுக்குப் போடும் வீட்டில் நாள் முழுக்க எண்ணெய் காயும். இட்லி வியாபாரம் செய்யும் வீட்டில் விடியற்காலையிலேயே சாம்பார் கொதிக்கும். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிப்பார்கள். வாசலில் சாக்கடை. இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி மசக்கையோடு இருக்கிறாள்.

வீட்டை மாற்ற முடியாது. வீட்டு வேலையை மாற்றலாம். இந்த இரண்டு மூன்று மாதம் தாளிப்பதையும் பொரிப்பதையும் வேறு ஒருவர் செய்யட்டும். மாமியார் செய்யலாம். புருஷன் செய்யலாம். சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் ஆண்பிள்ளைக்கும் கை இருக்கிறது. அடுப்பு எரியும்போது அவளைக் காற்றாட வாசல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். முறுக்குப் போடும் வேலைதான் பிழைப்பு என்றால், எண்ணெய்ச் சட்டிப் பக்கம் விடாமல், முறுக்கை எண்ணிக் கட்டும் வேலையைக் கொடுங்கள்.

கூச்சப்படாமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொதுக் கக்கூஸுக்குப் போக வேண்டுமே என்று நம்மில் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. வரிசையில் நிற்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும், உள்ளே வாடை, ராத்திரியில் போகப் பயம். எல்லாம் உண்மைதான். ஆனால் வாந்தியும் எடுத்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் உடம்பு வற்றிப்போகும். அதனால் ராத்திரி நேரத்துக்கு வீட்டிலேயே மூடி போட்ட வாளி ஒன்று வையுங்கள். பகலில் போகும்போது எலுமிச்சைத் தோலைக் கைக்குட்டையில் வைத்து மூக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவர் கூடப் போங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இயற்கை என்றாலும் எல்லாம் நல்லதில்லை

குமட்டலுக்கு மிஷ்ரி தேய்க்கும் பழக்கம் இந்த ஊரில் இருக்கிறது. நம் பெண்களிலும் சிலர் பழகிவிட்டார்கள். மிஷ்ரி என்பது கருக்கிய புகையிலை. பல்லில் தேய்த்தாலும் அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்து குழந்தைக்குப் போகும். குழந்தை எடை குறைந்து பிறக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுவதும் அதேதான். இரண்டையும் விட வேண்டும்.

சாம்பல், மண், செங்கல், பல்பம், பச்சரிசி ஆகியவற்றைத் தின்ன ஆசை வரலாம். ரத்தசோகை இருந்தால் இந்த ஆசை வருவதுண்டு. திட்டாதீர்கள். சுகாதார மையத்தில் ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

பெயர் தெரியாத வேர், பொட்டலத்தில் வரும் பொடி, யாரோ கொடுக்கும் லேகியம் எதுவும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மருந்தை வாயில் போடக் கூடாது.

மருந்துக்கடையில் போய், வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுங்கள் என்று கேட்டு வாங்குவதும் ஆபத்து. 1950-களின் கடைசியில் ஜெர்மனியில் தாலிடோமைடு என்று ஒரு மாத்திரை விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் அதைக் கொடுத்தார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கையும் காலும் வளராமல் பிறந்தன. 1961-ல் ஜெர்மனியில் அதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கர்ப்பிணிக்குத் தரும் மருந்தில் உலகம் கவனமாக இருக்கிறது.

ஆனால் இதைக் கேட்டு டாக்டர் தரும் மருந்துக்குப் பயப்படாதீர்கள். மசக்கை வாந்திக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும், குழந்தைக்குக் கெடுதல் செய்யாத மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் சுகாதார மையத்தில் தரும் ஃபோலிக் அமில மாத்திரையையும் விட வேண்டாம். 4-வது மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அது குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள். டீயோடு போடாதீர்கள்.

எங்கள் தெருவில் நடந்தது

எங்கள் தெருவில் ஒரு மதினி. கல்யாணமாகி வந்து ஆறு மாதம்தான். அம்மா வீடு திருநெல்வேலிப் பக்கம். இங்கே மாமியார், புருஷன், கொழுந்தன். 8-வது வாரத்தில் வாந்தி தொடங்கியது. மாமியார் நல்ல மனுஷி. இஞ்சித் தண்ணீர் கொடுத்தார். எலுமிச்சை கொடுத்தார். “நானும் அஞ்சு பெத்தவதான். மசக்கை இப்படித்தான் இருக்கும். தானா சரியாப் போயிடும்” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அவருக்கு அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் சோறு நின்றது. அப்புறம் கஞ்சி நின்றது. பிறகு தண்ணீரும் நிற்கவில்லை. இரண்டு நாள் அப்படிப் போனது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சிறுநீர் போனாள், அதுவும் கட்டன் சாயா நிறத்தில். யாரிடமும் சொல்லவில்லை. இதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சம். மூன்றாவது நாள் காலையில் குழாயடி வரிசையில் குடத்தோடு சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்துப் பார்த்தார்கள். எடை நாலு கிலோ குறைந்திருந்தது. நரம்பு வழியாகத் தண்ணீரும் மருந்தும் ஏற்றினார்கள். தேறி வந்தாள். இப்போது அந்தப் பையனுக்கு ஒன்றரை வயது. நம் மையத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் கிறுக்குகிறவன் அவன்தான்.

அந்த வீட்டில் அன்பு குறைவாக இல்லை. எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்ற விவரம்தான் இல்லை. அந்த விவரத்தை இப்போது சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம்

1. ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரம், சாப்பாடோ தண்ணீரோ வயிற்றில் தங்கவில்லை.
2. 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. அல்லது மிகக் கொஞ்சமாக, அடர்ந்த நிறத்தில் போகிறது.
3. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது, மயக்கம் வருகிறது.
4. எடை வேகமாகக் குறைகிறது. 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ குறைந்தாலே ஆபத்து.
5. வாந்தியில் ரத்தம் வருகிறது.
6. காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, சிறுநீர் போகும்போது எரிச்சல்.
7. கண் மஞ்சளாக இருக்கிறது.
8. கீழே ரத்தம் படுகிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். எட்டும் சேர்ந்து வரக் காத்திருக்க வேண்டாம். விடியட்டும், புருஷன் வேலை முடிந்து வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம்.

சிறுநீரின் நிறத்தைக் கக்கூஸ் இருட்டில் பார்க்க முடியாது. வீட்டில் ஒரு பழைய வெள்ளை டம்ளரை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிறிய மஞ்சள் என்றால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. அடர்ந்த மஞ்சள், சாயா நிறம் என்றால் தண்ணீர் வற்றிவிட்டது.

மிகக் கடுமையான மசக்கை 100 பேரில் ஒருவர் இருவருக்கு வரும். வயிற்றில் இரட்டைக் குழந்தை இருந்தாலும், முத்துப்பிள்ளை என்று சொல்லும் கோளாறு இருந்தாலும் வாந்தி அதிகமாகும். முத்துப்பிள்ளையில் குழந்தை சரியாக வளராது, நஞ்சுக்கொடிதான் கொத்துக்கொத்தாக வளரும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

கிளம்பும்வரை என்ன செய்வது? ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கலக்குங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போடுங்கள். ஒரு டீஸ்பூன், இரண்டு டீஸ்பூனாக விட்டுவிட்டுக் கொடுங்கள்.

பக்கத்துச் சின்னக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பல நாள் சாப்பிடாத உடம்பில் பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். முதலில் அந்த வைட்டமினைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். “எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை” என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்கு மருந்து, சோதனை, சாப்பாடு எல்லாம் இலவசம். வண்டிக்கு 108-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் 4-வது மாதம் முதலான கர்ப்பிணிகளை டாக்டரே இலவசமாகப் பார்க்கிறார். நாள் தள்ளிப்போனதும், 12 வாரத்துக்குள், மாநகராட்சி சுகாதார மையத்தில் பெயர் பதியுங்கள். தாய் சேய் அட்டை தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எழுதிவையுங்கள்

இதில் நம் எழுத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பார்: கடைசியாக எப்போது தீட்டு வந்தது? வாந்தி எத்தனை தடவை? சிறுநீர் எத்தனை தடவை? எடை எவ்வளவு? நாம் என்ன சொல்வோம்? “பொங்கலுக்கு முந்தி. ரொம்ப வாந்தி. தெரியலைங்க.” டாக்டருக்கு மராத்தியும் இந்தியும் தெரியும். நம்மில் பலருக்கு இரண்டும் சரியாக வராது. ஆனால் எண் எல்லோருக்கும் ஒன்றுதான். தாளில் எழுதிய 6 என்ற எண்ணைத் தமிழ் தெரியாத டாக்டரும் வாசிப்பார்.

அதனால் காலண்டரில் தீட்டு வந்த முதல் நாளை வட்டமிடுங்கள். ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள். தேதி, வாந்தி எத்தனை தடவை, சிறுநீர் எத்தனை தடவை, என்ன சாப்பிட்டு வயிற்றில் நின்றது. சுகாதார மையத்துக்குப் போகும்போதெல்லாம் எடை பார்த்து அதையும் எழுதுங்கள். இந்த நாலு விவரத்தையும் எழுத நீங்கள் கற்ற எழுத்தே போதும்.

முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு எழுத உடம்பு ஓடாது. அப்போது நாத்தனார் எழுதலாம். புருஷன் எழுதலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதலாம். ஆச்சிமார்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் வீட்டில் கேட்பார்கள். “இது வெறும் மசக்கை இல்லை, கிளம்பு” என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். இஞ்சித் தண்ணீர் கொடுத்த அதே கையால் 108-க்குப் போனைப் போடுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் அந்த எட்டு அடையாளங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தித் தருகிறேன். திருத்திய தாளை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டில் முழுகாமல் இருப்பவருக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்.



கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எந்தெந்த வேலையை யார் யார் எடுத்துக்கொள்ளலாம்?
2. உங்களுக்கு மசக்கையில் எந்தச் சாப்பாடு வயிற்றில் தங்கியது? எந்த வாடை ஆகவில்லை?
3. மிஷ்ரி, புகையிலை பழகியவர் அதை விட என்ன உதவி செய்யலாம்?
4. ராத்திரி 12 மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் யார் கூட வருவார்? எந்த எண்ணுக்குப் போன் செய்வீர்கள்? இப்போதே எழுதிவையுங்கள்.